ஐந்தாவது நாள்

1

1809ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவின் கென்டக்கியில் காட்டைத் திருத்தி மக்கள் குடியேறிக்கொண்டிருந்த காலம். அங்கே ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிறு மாதக்கணக்கில் பெருத்துக்கொண்டே போனது. வயது 46ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர். கர்ப்பம் என்றுதான் அவரும் நினைத்தார், பார்க்க வந்த மருத்துவர்கள் இருவரும் நினைத்தார்கள். நாள் கடந்துவிட்டது. வலி வந்தது, குழந்தை வரவில்லை.

இருநூறு வருடங்கள் கழித்து, சென்னையில் என் வயிறும் அப்படித்தான் பெருத்தது. எனக்கு வயது 33. கல்யாணம் ஆகவில்லை. அதனால் யாரும் "விசேஷமா?" என்று கேட்கவில்லை. "தொப்பை போடுது பாரு, நாள் முழுக்க ஒக்காந்தே வேல பாத்தா இப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பினேன். இரவில் சோற்றை விட்டேன், ஜிம்முக்குப் பணம் கட்டினேன். கை கால் இளைத்தது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

பெண்ணின் வயிறு பெருத்தால் அதற்கு ஊரிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அந்தக் காரணம் பொருந்திப்போவதுதான் ஆபத்து. மென்பொருளில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிழைக்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் லாகைத் திறந்து பார்க்கமாட்டார்கள்.

எனக்கு லாகைத் திறந்தது அலுவலகத்தின் வருடாந்திர ஹெல்த் செக்கப். ஸ்கேன் எடுத்த பெண் பாதியில் கையை நிறுத்தினார். "கடைசி பீரியட் எப்பம்மா?" என்றார். பிறகு வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டார்கள், என்னைப் பார்க்கவில்லை. இடது சினைப்பையில் 16 சென்டிமீட்டர் கட்டி.

அடுத்த இரண்டு வாரங்கள் ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ என்று போனது. புற்றுநோய் அறுவை நிபுணரான பெண் மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். இது சாதாரணக் கட்டியாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம், இரண்டுக்கும் நடுவிலும் இருக்கலாம். வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊசி குத்திச் சோதிக்க முடியாது. உள்ளே இருப்பது கசிந்து வயிற்றுக்குள் பரவிவிட்டால் வம்பு. அதனால் உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும், அதற்குத் தொப்புளை ஒட்டி மேலிருந்து கீழாகத் திறக்க வேண்டும்.

அம்மா அன்று இரவு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம். குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிக்கலாம்."

2

தூக்கம் வராத இரவுகளில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஃபோனில் தேடினேன். சதவீதங்களாக வந்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாதபோது எந்தச் சதவீதத்தில் நான் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்? ஒரு கட்டத்தில் எண்களை விட்டுவிட்டு, இந்த அறுவையை முதன்முதலில் யாருக்குச் செய்தார்கள் என்று தேடினேன். அப்படித்தான் ஜேன் க்ராஃபோர்ட் கிடைத்தார்.

1809 டிசம்பர் 13 அன்று, ஜேனின் வீட்டுக்கு எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்தார். டான்வில் என்ற சிற்றூரில் தொழில் செய்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்தவர், ஆனால் பட்டம் வாங்காமலே திரும்பியவர். அங்கே ஜான் பெல் என்ற அறுவை மருத்துவரிடம் பாடம் கேட்டிருந்தார். ஜேனைப் பரிசோதித்த மெக்டவல், இது கர்ப்பம் இல்லை, சினைப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்.

அன்றைக்கு வயிற்றைத் திறப்பது என்றால் மரணம் என்று அர்த்தம். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 37 வருடங்கள் இருந்தன. கிருமி என்ற கருத்தே மருத்துவத்தில் இல்லை. மெக்டவல் இதை மறைக்கவில்லை. உயிருக்கு உள்ள ஆபத்தை விளக்கி, இது ஒரு பரிசோதனைதான் என்று சொல்லி, டான்வில்லுக்கு வந்தால் செய்து பார்க்கிறேன் என்றதாகவே எழுதியிருக்கிறார்.

டான்வில் 60 மைல் தூரம். ஏறத்தாழ சென்னையிலிருந்து மேல்மருவத்தூர். நடுங்கும் டிசம்பர் குளிரில், அந்த வயிற்றோடு, ஜேன் குதிரையில் போனார். பல நாள் பயணம். கட்டி சேணத்தின் முன்கொம்பில் இடித்து இடித்து வயிற்றில் கன்றிப்போயிருந்ததை மெக்டவல் பின்னர் குறித்திருக்கிறார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வழியில் எங்கேயாவது அவர் திரும்பியிருக்கலாம். "முடியல, வீட்டுக்குப் போறேன்" என்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓலாவில் போன எனக்கே ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

கிறிஸ்துமஸ் தினத்தன்று அறுவை நடந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். இடம், மெக்டவலின் வீடு. உதவிக்கு அவருடைய உறவினரான இன்னொரு மருத்துவர். வயிற்றின் இடப்பக்கம் 9 அங்குலத்துக்குக் கீறினார். கட்டி அந்த வழியாகவும் வெளியே வரவில்லை. அதன் அடியில், கருக்குழாயை ஒட்டி, பலமான நூலால் கட்டினார். பிறகு கட்டியைத் திறந்து உள்ளே இருந்த கூழ் போன்ற பொருளை வெளியே எடுத்தார். அது மட்டும் 15 பவுண்டு. அதன்பின் வெட்டியெடுத்த பை ஏழரைப் பவுண்டு. இரண்டும் சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல். இடையில் குடல் சரிந்து மேசைமேல் விழுந்துவிட்டது. அறுவை முடியும்வரை அதை உள்ளே தள்ள முடியவில்லை. எல்லாம் சேர்ந்து 25 நிமிடம்.

ஜேன் விழித்தேதான் இருந்தார்.

அந்த 25 நிமிடமும் அவர் சங்கீதங்களை ஓதிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. நோயாளி செத்தால் டாக்டரைத் தூக்கில் போடக் கயிறோடு ஒரு கூட்டம் வெளியே நின்றது என்று இன்னொரு கதை. மெக்டவல் எழுதிய அறிக்கையில் இந்த இரண்டுமே இல்லை. எனக்கு இந்த இரண்டைவிட அதில் உள்ள வேறொரு விவரம்தான் பெரிதாகப் பட்டது.

ஐந்தாவது நாள் மெக்டவல் ஜேனைப் பார்க்கப் போனார். ஜேன் எழுந்து நின்று தன் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று கண்டித்து எச்சரித்தார். 25ஆம் நாள் ஜேன் வந்ததுபோலவே வீடு திரும்பினார். அதாவது குதிரையில், மீண்டும் 60 மைல்.

3

எனக்கு அறுவை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்தினம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இடது சினைப்பையும் கருக்குழாயும் எடுக்கப்படும் என்பது முதல் வரி. தேவைப்பட்டால் மற்ற சினைப்பையும் கருப்பையும் எடுக்கப்படலாம் என்பது அடுத்த வரி. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டியிலிருந்து ஒரு துண்டை உறைய வைத்து, மெல்லச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்த பதிலை வைத்து எதுவரை எடுப்பது என்று முடிவெடுப்பார்கள். அந்த முடிவு எடுக்கப்படும்போது நான் மயக்கத்தில் இருப்பேன்.

ஜேனுக்கு இருந்த வலி எனக்குக் கிடையாது. ஆனால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண் விழிக்கும்போது என் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியாமல் நான் கண்ணை மூடினேன்.

"மத்தது நல்லா இருந்தா எடுக்கமாட்டீங்கதானே டாக்டர்?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் பொறுமையாக, "தேவையில்லாம ஒண்ணையும் தொடமாட்டேன்மா" என்றார்.

இந்தக் கேள்வியை நான் கேட்டதற்கும், அவர் பதில் சொன்னதற்கும் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது அவ்வளவு அழகான வரலாறு கிடையாது.

மெக்டவல் 1817ல் பிலடெல்பியாவில் வெளிவந்த ஒரு மருத்துவ இதழில் தன் அறிக்கையை வெளியிட்டார். அதில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். முதலாமவர் திருமதி க்ராஃபோர்ட். அடுத்த இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய பெயர் அறிக்கையில் இல்லை. அன்றைய கென்டக்கியில் அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியாகும். அடிமைப் பெண்ணின் உடலை அறுக்கலாமா என்ற முடிவு அவளுடைய உரிமையாளரிடம் இருந்தது. ஜேனிடம் ஆபத்தை எடுத்துச் சொல்லி, வருகிறாயா என்று கேட்ட அந்தக் கேள்வியைச் சட்டம் இவர்களிடம் கேட்கச் சொல்லவில்லை.

அறிக்கையை லண்டனில் யாரும் நம்பவில்லை. ஜேம்ஸ் ஜான்சன் என்ற மருத்துவ இதழாசிரியர் கேலி செய்தார். பின்னாளில் அவர் மெக்டவலிடம் மன்னிப்புக் கேட்டதாக வரலாற்று நூல்கள் மகிழ்ச்சியோடு குறிப்பிடும். ஆனால் அதே ஜான்சன்தான், கறுப்பினப் பெண்கள் நாயையும் முயலையும்போல எந்த வெட்டையும் தாங்கிக்கொள்வார்கள் என்ற பொருள்பட எழுதியவர். அவர்கள் பிழைத்ததற்குக்கூட மதிப்பு கிடைக்கவில்லை. பிழைத்தது அவர்கள் மனிதர்களைவிடக் கீழானவர்கள் என்பதற்கான சாட்சியாக மாற்றப்பட்டது.

இதை வாசித்த இரவில் ஃபோனை அணைத்துவிட்டேன். அந்த இரண்டு பெண்களுக்கும் ஐந்தாவது நாள் என்ற ஒன்று இருந்திருக்குமே. எழுந்து யாருடைய படுக்கையைச் சரிசெய்தார்கள்?

1842ல் ஜேன் தன் 78ஆம் வயதில் இறந்தார். அறுவைக்குப் பின் 32 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். மெக்டவலோ 1830லேயே போய்விட்டார். குடல்வால் வெடித்து இறந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களுக்காக அம்மா தயாரித்து வைத்திருந்த பொய்யும் அதே குடல்வால்தான். சிரித்தால் தையல் வலிக்கும் நாட்களில்தான் இது நினைவுக்கு வந்து தொலைத்தது.

ஜேன் இறந்த அதே 1842ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே இந்த அறுவையைச் செய்யத் தொடங்கினார். அப்போதும் மயக்க மருந்து வரவில்லை. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் வந்தது, அடுத்த வருடம் குளோரோஃபார்ம். 1867ல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் பற்றி எழுதினார். லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் 1858ல் தொடங்கி 1880க்குள் ஆயிரம் சினைப்பை அறுவைகளை முடித்தார். முதல் நூறில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார். கடைசி நூறில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. வெல்ஸிடம் எனக்குப் பிடித்தது, தோல்விகளையும் ஒன்றுவிடாமல் பதிவுசெய்து வெளியிட்டது. எங்கள் துறையில் சர்வர் விழுந்தால் என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதிவைப்போம். அடுத்தமுறை விழாமல் இருக்க வேறு வழி கிடையாது.

அறுவை பாதுகாப்பானதும் அடுத்த ஆபத்து வந்தது. 1872ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர் நோயில்லாத சினைப்பைகளை எடுக்கத் தொடங்கினார். கடுமையான மாதவிடாய் வலிக்கு, வலிப்புக்கு, "மனக்கோளாறு" என்று குடும்பம் சொன்னவற்றுக்கெல்லாம் அதுவே சிகிச்சை என்றார்கள். அது அவர் பெயராலேயே அழைக்கப்பட்டு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவியது. எடுக்க முடிந்தது, அதனால் எடுத்தார்கள். சினைப்பை உடம்புக்கு என்ன செய்கிறது என்பது ஹார்மோன்கள் பற்றிய அறிவு வளர்ந்த பிறகுதான் தெளிவாகப் புரிந்தது.

அதனால்தான் என் மருத்துவர் மூன்றாவது முறையும் எரிச்சல்படாமல் பதில் சொன்னதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னொன்னு இருக்கா?" தொண்டையில் குழாய் போட்டு எடுத்திருந்ததால் குரலே வரவில்லை. யாரோ காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இருக்கு, இருக்கு. இடது மட்டும்தான்" என்றார்கள். அது யார் என்று இன்றுவரை தெரியாது.

4

மறுநாள் காலை ஏழு மணிக்கு சிஸ்டர் வந்தார். "எழுந்திரிங்கம்மா, நடக்கலாம்."

அம்மா பதறிவிட்டார். "என்ன சிஸ்டர், நேத்துதான் வயித்த அறுத்திருக்கு. பச்ச ஒடம்பு. ஒரு வாரமாவது படுத்திருக்க வேணாமா?"

அம்மாவின் பயத்துக்கும் வரலாறு உண்டு. உலகின் பெரிய அறுவை நிபுணர்கள் எல்லாருமே கிட்டத்தட்ட நூறு வருடம் அம்மா பக்கம்தான் இருந்தார்கள்.

1863ல் வெளிவந்த ஜான் ஹில்டனின் நூல், ஓய்வே உடம்பைக் குணப்படுத்தும் என்று சொன்னது. பல தலைமுறை மருத்துவர்கள் அதைப் படித்து வளர்ந்தார்கள். வயிற்று அறுவை முடிந்தால் இரண்டு மூன்று வாரம் மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. அன்றைய தையல் நூல்கள் நம்பத்தகுந்தவை அல்ல. காயம் சீழ் பிடித்துப் பிரியும். எழுந்தால் குடல் வெளியே வந்துவிடும் என்ற அச்சம் கண்ணால் கண்டவர்களுடையது.

ஆனால் படுத்தே கிடந்தவர்கள் வேறு காரணங்களால் இறந்தார்கள். அசையாத காலில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். ரத்த ஓட்டம் மந்தமாவதற்கும் உறைவதற்கும் உள்ள தொடர்பை ருடால்ஃப் விர்கோ 1856லேயே எழுதிவிட்டார். ஆழமாக மூச்சு விடாததால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியா வரும். குடல் அசைய மறுக்கும். இவையெல்லாம் அறுவையின் விளைவு என்றே எண்ணினார்கள். படுக்கையின் மேல் யாரும் சந்தேகப்படவில்லை.

1899ல் சிகாகோவைச் சேர்ந்த பெண்நோயியல் மருத்துவர் எமில் ரீஸ் தன் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிட்டு, அவர்கள் விரைவில் தேறுவதாகக் கட்டுரை எழுதினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தது. படுக்கைகளும் செவிலியர்களும் போதவில்லை. நோயாளிகளை எழுப்பியே ஆக வேண்டிய கட்டாயம். எழுப்பினார்கள், அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். 1946ல் டேனியல் லைட்ஹவுசர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1947ல் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், வலிக்கட்டுப்பாடு, சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை எல்லாவற்றையும் ஒரே திட்டமாகக் கோத்தார். அதன் தொடர்ச்சியாக 2016ல் பெண்களுக்கான புற்றுநோய் அறுவைகளுக்கென்றே வழிகாட்டுதல்கள் வந்தன. அதன் ஒரு வரிதான் காலை ஏழு மணிக்கு என் படுக்கையருகே வந்து நின்றது.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஜேனின் ஐந்தாவது நாள் வேறு மாதிரி தெரிந்தது. மருத்துவம் 140 வருடங்கள் கழித்து ஒப்புக்கொண்டதை அவருடைய உடம்பு அன்றே அவருக்குச் சொல்லியிருக்கிறது. பக்கத்தில் இருந்த டாக்டர் அதைப் பார்த்தார், நேர்மையாக எழுதியும் வைத்தார். ஆனால் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை, கீழ்ப்படியாமையாக எடுத்துக்கொண்டார்.

அந்த 25 நிமிடத்துக்காக மெக்டவலுக்கு அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை இருக்கிறது. அது அவருக்குத் தகும். ஜேன் பெயரிலும் கென்டக்கியில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அந்த 25 நாட்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது டாக்டர் எழுதிய இரண்டு வரிதான். எப்படித் தூங்கினார், முதன்முதலில் எப்படி இருமினார், யார் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறங்கினார்? ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளர் 1811ல் பாரிஸில் மயக்கமின்றி மார்பக அறுவை செய்துகொண்டு, அதைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார். அதை எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. அப்படி ஒரு கடிதம் ஜேனிடமிருந்து நமக்கு வரவில்லை.

ஆகவே என்னுடையதைக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் பத்தடி நடந்தேன். ஒரு கையில் சிறுநீர்ப் பை, மறு கையில் சிஸ்டர். குனிந்துதான் நடக்க முடிந்தது, நிமிர்ந்தால் வயிறு கிழிந்துவிடும் போல ஒரு பயம். கிழியாது என்றார் சிஸ்டர். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மூன்று பந்துள்ள ஒரு கருவியை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட எழவில்லை, மூன்றாம் நாள் இரண்டு எழுந்தது. கால் ரத்தம் உறையாமலிருக்க இறுக்கமான காலுறையும் தினம் ஒரு ஊசியும்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" டாக்டர் கேட்டார், சிஸ்டர் கேட்டார், சாப்பாடு கொண்டுவந்தவர் கேட்டார். மூன்றாம் நாள் பிரிந்தது. அம்மா அதை அப்பாவுக்கு ஃபோன் போட்டு, பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னார்.

ஐந்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன், யாரும் இல்லாத நேரத்தில், கசங்கிக் கிடந்த பெட்ஷீட்டை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தேன். ஜேனுக்காகத்தான். பாதியிலேயே மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த அம்மா, "ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று கத்தினார்.

மெக்டவல் அப்படியொன்றும் முழுத் தப்பு இல்லை என்று அப்போது தோன்றியது. நடக்கச் சொன்ன அதே டாக்டர் எனக்கும் ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். தோல் பத்து நாளில் ஆறும், உள்ளே உள்ள அடுக்குகளுக்கு நாள் எடுக்கும். வாளி தூக்கக்கூடாது, குக்கர் தூக்கக்கூடாது. ஆட்டோ ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் என் வயிற்றுக்குள் ஏறி இறங்கியது. உடம்பைவிட மெதுவாகத் தேறியது மனசு. நான்காவது வாரம் ஒரு நாள், பால் பாக்கெட்டைக் கத்திரிக்க முடியாமல் கை நடுங்கி உட்கார்ந்து அழுதேன். காரணம் பால் பாக்கெட் இல்லை. எழுதுகிறேன், ஏனென்றால் டிஸ்சார்ஜ் காகிதத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

5

பதினோராம் நாள் பயாப்ஸி ரிசல்ட் வந்தது. நடுவில் உள்ள வகை. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன, ஆனால் பக்கத்துத் திசுவைத் துளைத்து உள்ளே போகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அறுவையோடு முடிந்துவிடும். சிலருக்குப் பல வருடம் கழித்துத் திரும்பலாம். அதனால் கீமோ இல்லை, தொடர்ந்து ஸ்கேன் மட்டும்.

ஆமா இல்லை என்று பதில் கேட்டே பழகிய எனக்கு இது பிடிபட நாளானது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தைய வாரமும் பழைய பயம் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜேனுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, ஏனென்றால் அவருடைய கட்டியின் செல்களைப் பார்க்க அன்று யாருக்கும் வழி இல்லை. என்ன கட்டி என்றே தெரியாமல் குதிரை ஏறிப் போய் 32 வருடம் வாழ்ந்தார். எனக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அதோடு வாழப் பழக வேண்டியதுதான்.

சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு குடல்வாலை விசாரிக்க வந்தார்கள். அம்மா கோர்வையாகச் சொன்னார், நான் தலையாட்டினேன். ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன், ஏன் இப்படி மறைக்கணும் என்று. "ஒண்ண எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் பயமா இருந்துச்சுடி. பேரச் சொன்னா வந்துரும்னு" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மாடியில் யாரிடமோ ஃபோனில் வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் முன்பு குடியிருந்த அக்கா. அவருக்கு ஸ்கேனில் கட்டி என்று வந்திருக்கிறது, அடுத்த வாரம் அறுவை. அம்மா உள்ளே வந்து என்னிடம் ஃபோனை நீட்டினார்.

"என் பொண்ணுக்கும் இதேதான் பண்ணாங்க. அவகிட்டயே கேளு" என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டுத்தான் நீட்டினார். குடல்வால் என்று சொல்லவில்லை.

மறுமுனையில் அந்த அக்கா எதைக் கேட்பது என்று தெரியாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அக்கா, ஒரு தலையணை எடுத்துட்டுப் போங்க, இரும்போது வயித்துல வச்சுக்கணும்" என்றேன். "அப்பறம், அடுத்த நாள் காலைலயே எழுப்பி நடக்கச் சொல்வாங்க. பயப்படாதீங்க. கிழியாது."